தோட்டத்து மருந்தும் வெளிநாட்டு முதலும்

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார் திருவள்ளுவர். குறளின் 95ஆம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் எவரும் இப்பகுப்பை விளக்காமல் விடுவதில்லை. ஆயின் இக்காலத்தே ஐந்தாவதாக ஒருவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் நோயாளியின் பக்கத்தில் இருப்பவன் அல்லன். பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருப்பவன். ஒரு மருந்தை யார் செய்யலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவன் கையில் இருக்கிறது. நம் கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களின் வரலாற்றில் இந்த ஐந்தாமவன் எப்படி நுழைந்தான், எப்போது அவன் பிடி தளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுங்கைப் பட்டாணி நகரைச் சார்ந்து பாக்கார் ஆராங் என்றொரு தொழிற்பேட்டை இருக்கிறது. கரி எரித்தல் என்று பொருள்படும் மலாய்ப் பெயர். புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கை லாலாங் வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பிறகு, இத்தகைய பேட்டைகளை நோக்கியே பஸ் ஏறினர். அங்கே 1980-களில் ரான்பாக்சி என்னும் இந்திய மருந்து நிறுவனம் ஓர் ஆலையை நிறுவியது. அதே பேட்டையில், பார்மானியாகா குழுமத்தைச் சேர்ந்த இடாமான் பார்மாவின் மருந்தாலையும் பின்னர் அமைந்தது. கூப்பிடு தூரத்தில் இரண்டு மருந்தாலைகள்! ரப்பர்ப் பாலைத் தவிர வேறொன்றையும் உலகுக்கு அனுப்பியறியாத வட்டாரத்துக்கு இது சிறிய மாறுதல் அன்று.

வெளிநாட்டு முதல் வந்தது, வேலை வந்தது, மருந்தும் மலிந்தது என்று இதனை மூன்று சொற்றொடரில் முடித்துவிடுவார் உளர். முன்னைய இரண்டும் உண்மையே. மூன்றாவதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதற்கில்லை. மருந்து மலிந்தது எதனால் என்று பார்க்கப் புகுந்தால், பாக்கார் ஆராங்கை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

கொய்னாவின் கதை

தோட்டத் தமிழன் நன்கறிந்த முதல் மேல்நாட்டு மருந்து கொய்னா. 1909ஆம் ஆண்டின் ஆங்கில-சயாம் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷாரின் செல்வாக்கின் கீழ் வந்தது. அதன்பின் காடழித்து ரப்பர் நட்ட வேகத்திலேயே மலேரியாக் காய்ச்சலும் பரவியது. கிள்ளானில் 1901 முதற்கொண்டு மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து இந்நோயைக் குறைத்துக் காட்டினார். ஆயின் குன்றுப்பாங்கான இடங்களில் அம்முறை பலிக்கவில்லை. காட்டை வெட்டியதும் வெயில் படுகின்ற தெளிந்த ஓடைகளையே அங்குள்ள கொசு விரும்பி முட்டையிடும் என்பதை அவர் பின்னரே கண்டறிந்தார். நாகரிகம் என்று சொல்லிக்கொண்டு செய்த காடழிப்பே நோய்க்கு வாயில் திறந்தது. ஓடைகளை அடக்கும் முறைகள் தோட்டந்தோறும் வந்து சேரும்வரை கைக்கெட்டிய துணை கொய்னா ஒன்றே. அதிகாலைப் பிரட்டுக்களத்தில் ஆளுக்கு ஒரு வேளை மருந்து கொடுத்து, அது தொண்டைக்குள் இறங்கும்வரை நின்று பார்க்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது.

இந்தக் கொய்னா எங்கிருந்து வந்தது? தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைக்குரிய சிங்கோனா மரத்தின் பட்டை அது. 1860-களில் ஆங்கிலேயர் அம்மரத்தை நீலகிரியில் நட்டனர். நடுவட்டம் என்னுமிடத்தில் சென்னை அரசாங்கத்தின் சிங்கோனாத் தோட்டமும், பின்னர் கொய்னா ஆலையும் நடந்தன. அத்தோட்டத்தில் வேலை செய்தவர்களுள், நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்னைச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர். தண்டனை முடிந்தபின் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்தவர்களும் உண்டு. தமிழர் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே நூற்றாண்டில், மலாயாவிலிருந்து சீனர் நீலகிரிக்குப் போய்க் காய்ச்சல் மருந்துக்கு மரம் வளர்த்தனர் என்பது நம் வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத செய்தி.

எனினும் கொய்னா வாணிகத்தில் வென்றது நீலகிரி அன்று, ஜாவாவே. சார்லஸ் லெட்ஜர் என்பார் 1865இல் பெற்ற உயர்ந்த இன விதையை ஆங்கில அரசாங்கம் வேண்டாமென்றது, டச்சுக்காரர் வாங்கிக்கொண்டனர். அதன் பயனாக 1930-களில் உலகக் கொய்னாவில் 10இல் 9 பங்கு ஜாவாவில் விளைந்தது. மரம் நம் அண்டை நாட்டில். விலையை உறுதி செய்ததோ ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்த கொய்னாக் கூட்டமைப்பு. விளைச்சலைக் கட்டுப்படுத்தி விலை இறங்காமல் காப்பதே அதன் தொழில். 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் வசமாயிற்று. மருந்து விளையும் நாட்டையும் நோயுறும் மக்களையும் ஒரே ஆட்சி ஆண்டது. ஆயினும் கெடாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர் கைக்கு அம்மருந்து போதிய அளவு வந்து சேரவில்லை. காலராவும் வயிற்றுக்கடுப்பும் போலவே மலேரியாவும் அங்கே ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. மருந்து அருகில் விளைவதும் அது நமக்குக் கிடைப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை.

நீதிபதி அய்யங்காரின் அறிக்கை

போர் முடிந்தது, நாடுகள் விடுதலை பெற்றன. விடுதலைக் கொடியோடு மருந்து வந்துவிடவில்லை. இந்தியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. காப்புரிமை என்பது பேட்டன்ட் என வழங்குவதற்குரிய தமிழ்ச்சொல். ஒரு பொருளைக் கண்டுபிடித்தவருக்கு, குறித்த காலம் வரை பிறர் அதைச் செய்யாதபடி தடுக்கும் உரிமையை அரசு வழங்குகிறது. கண்டுபிடிப்பை ஊக்குவிக்க இஃது ஒரு நல்ல ஏற்பாடே. ஆனால் இந்தியாவில் நடந்தது என்ன? வெளிநாட்டு நிறுவனங்கள் காப்புரிமையைப் பதிந்துகொண்டன. மருந்தை அங்கே செய்யவுமில்லை, பிறரைச் செய்யவிடவுமில்லை. தம் நாட்டிலிருந்து கொண்டுவந்து விற்றன. உலகிலேயே மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே குறிப்பிடும் நிலை 1960 அளவில் இருந்தது. ஏழை நாட்டில் விலையுயர்ந்த மருந்து!

அரசாங்கம் இரண்டு வழிகளில் முயன்றது. ஒன்று, தானே ஆலை கட்டுவது. உலகச் சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1954இல் பெனிசிலின் ஆலை எழுந்தது. பின்னர் 1961இல் தோன்றிய அரசு நிறுவனம் ஒன்று, சோவியத் உதவியுடன் ரிஷிகேசத்திலும் ஐதராபாத்திலும் மருந்தாலைகளையும், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவி ஆலையையும் நிறுவியது. மற்றொன்று, சட்டத்தையே ஆராய்வது. இப்பணி 1957இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959 செப்டம்பரில் அவர் தம் அறிக்கையை அளித்தார்.

அவர் கண்டது இது: இந்தியாவிலுள்ள காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு வெளிநாட்டார் கையில் இருந்தன, அவற்றுள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இந்தியாவில் ஆலை காணாதவை. ஆகவே உணவுக்கும் மருந்துக்கும், பொருளுக்கே உரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் உரிமை தரலாம் என்றார். தோசைக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. தோசை சுடுவதில் தாம் கண்ட புதுமுறைக்கு மட்டுமே கொண்டாடலாம் என்பது போன்றது இது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்பவனுக்கு வழி திறந்துவிடும். சட்டமாவதற்குப் பதினோராண்டுகள் பிடித்தன. 1970இல் நிறைவேறிய சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்துச் செய்முறையின் உரிமைக்காலமும் உரிமை வழங்கியதிலிருந்து 5 ஆண்டு, விண்ணப்பித்ததிலிருந்து 7 ஆண்டு என்னும் இவற்றில் குறைந்ததாகச் சுருங்கியது.

இதைத் திருட்டு என்று வைதவர்கள் உண்டு. அவ்வாறு வைதவர்கள் தம் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்குவதை ஜெர்மனி 1968 வரையிலும், ஜப்பான் 1976 வரையிலும், சுவிட்சர்லாந்து 1977 வரையிலும், இத்தாலி 1978 வரையிலும் ஏற்கவில்லை. தம் தொழில் வளரும்வரை அவை கதவைச் சாத்தியே வைத்திருந்தன. இங்கிலாந்தோ, 1961இல் சுகாதார அமைச்சர் ஈனாக் பவல் காலத்தில், தன் மருத்துவமனைகளுக்கு டெட்ராசைக்கிளின் மருந்தை உரிமையாளரான ஃபைசர் நிறுவனத்திடம் வாங்காமல் இத்தாலியிலிருந்து மலிவாக இறக்குமதி செய்தது. அரசின் தேவைக்குக் காப்புரிமையை மீறலாம் என்னும் பிரிவு அதன் சட்டத்திலேயே இருந்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று, 1965இல் அரசே வென்றது. பவல் பொதுவுடைமைவாதி அல்லர். சந்தையில் பெருநம்பிக்கை உடையவர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

பாக்கார் ஆராங்கின் வேர்

இப்போது ரான்பாக்சிக்குத் திரும்புவோம். ரண்பீர் சிங், குர்பக்ஸ் சிங் என்னும் இருவர் பெயர்களின் சேர்க்கையே அப்பெயர். வெளிநாட்டு மருந்துகளை விற்றுக் கொடுக்கும் சிறு வாணிகமாக 1937இல் தொடங்கியது அது. 1952இல் பாய் மோகன் சிங் கைக்கு வந்தது. செய்முறைச் சட்டம் திறந்துவிட்ட வழியில் அதுவும், அதைப் போன்ற பல நிறுவனங்களும் நுழைந்தன. மாற்று முறைகளைத் தேடுவதில் இந்திய இரசாயன அறிஞர்கள் கைதேர்ந்தனர். 1970 அளவில் இந்திய மருந்துச் சந்தையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனங்கள், 2000-களின் தொடக்கத்தில் நான்கில் ஒரு பங்களவுக்கு இறங்கின. சட்டம் வந்தால் முதல் ஓடிவிடும் என்று அச்சுறுத்தியவர்கள் சொன்னது நடக்கவில்லை. 1973இன் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னபோதும், பெரும்பாலான மருந்து நிறுவனங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தன. இலாபம் உள்ள இடத்தை வணிகன் எளிதில் விடுவதில்லை.

இவ்வாறு வளர்ந்த ரான்பாக்சி, முதலில் நைஜீரியாவிலும் பின்னர் நம் நாட்டிலும் கால்வைத்தது. ஆகவே பாக்கார் ஆராங் ஆலையை வெறும் வெளிநாட்டு முதலின் வருகை என்று கருதுவது அரைகுறைப் பார்வை. வெளிநாட்டு முதலுக்குத் தன் நாட்டில் எல்லை வகுத்த ஒரு சட்டத்தின் பயன் அது. சென்னை நீதிபதி ஒருவர் 1959இல் எழுதிய அறிக்கைக்குச் சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளை!

மலேசியாவின் பங்கும் மறக்கத் தக்கதன்று. 1968ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் முன்னோடித் தொழில்களுக்கு வரிவிலக்கு அளித்தது. பினாங்கில் 1972இல் ஜெர்மானிய நிறுவனமான பி. பிரவுன் ஆலை அமைத்ததும் அந்த ஊக்கக் காலத்தில்தான். அதைவிடவும் முக்கியமாக நான் கருதுவது, 1984ஆம் ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு விதிகள். அவற்றின்படி 1985 முதல், பதிவு பெறாத மருந்தை விற்க முடியாது என்றாயிற்று. மருந்தாலைகளைச் சோதிக்கும் பன்னாட்டு ஒத்துழைப்பு அமைப்பிலும் 2002இல் மலேசியா இடம்பெற்றது. விலை மலிவு என்பதற்காகத் தரத்தை விட்டுவிட முடியாது. ரான்பாக்சி நிறுவனமே இதற்குச் சான்று. இந்தியாவிலுள்ள அதன் சில ஆலைகளில் நடந்த குறைபாடுகளுக்காக 2013இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. உள்நாட்டு நிறுவனம் நல்லது, வெளிநாட்டு நிறுவனம் கெட்டது என்று இரண்டாகப் பிரித்துவிடுவோர் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சட்டத்தின் 84ஆம் பிரிவு

மலேசியாவின் காப்புரிமைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டு 1986 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 84ஆம் பிரிவு, பொதுநலத்துக்காக அரசு ஒரு காப்புரிமைப் பொருளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. பவல் பயன்படுத்திய விதியின் தம்பி என்று இதனைச் சொல்லலாம். பல ஆண்டுகள் அப்பிரிவு ஏட்டில் உறங்கியது. எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளின் வரவு செலவை விழுங்கத் தொடங்கியபோதுதான் அதை எழுப்பினார்கள். 2003 அக்டோபர் இறுதியில் வெளியான ஆணைப்படி, பம்பாய் சிப்லா நிறுவனத்திடமிருந்து மூன்று வகை மருந்துகளை இரண்டாண்டு காலம் இறக்குமதி செய்ய இசைவு தரப்பட்டது. உலக வாணிக நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டுத் தோகா அறிக்கைக்குப் பின் ஆசியாவில் இத்தகைய ஆணை பிறப்பித்த முதல் நாடு மலேசியாவே. ஒரு நோயாளிக்கு மாதம் ஏறத்தாழ 315 டாலராக இருந்த செலவு 58 டாலராக இறங்கியது. உரிமை வைத்திருந்த நிறுவனங்களும் உடனே தம் விலையைக் குறைத்தன! முன்பே குறைத்திருக்கலாம் அல்லவா என்று கேட்கத் தோன்றுகிறது.

2017 செப்டம்பரில் இரண்டாம் முறை. இம்முறை கல்லீரலை அரிக்கும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் என்னும் மருந்து. அமெரிக்காவில் அது வெளிவந்தபோது ஒருவரின் முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை. மலேசியாவிலோ நாலைந்து லட்சம் பேருக்கு அந்நோய் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அரசாங்கம் எகிப்து நாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கி, ஏறத்தாழ 300 டாலருக்குள் சிகிச்சையை முடிக்க வழி கண்டது. அதனோடு சேர்த்துக் கொடுக்கத்தக்க ரவிடாஸ்விர் என்னும் மருந்தை மலேசிய மருத்துவமனைகளிலேயே ஆராய்ந்து, 2021 ஜூனில் பதிவும் செய்தனர். இதில் வெளிநாட்டு நிறுவனமும் இருந்தது. வெளிநாட்டு அறிவும் இருந்தது. ஆனால் பேரம் பேசும் இடத்தில் நாடும் இருந்தது.

இதே காலத்தில் இந்தியா எதிர்த்திசையில் தள்ளப்பட்டது. உலக வாணிக உடன்படிக்கையின்படி 2005இல் அது மீண்டும் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தர ஒப்பியது. ஆயினும் பழைய மருந்தைச் சிறிதே மாற்றிப் புதிதென்று உரிமை கேட்பதைத் தடுக்க, 3(டி) என்னும் பிரிவைச் சேர்த்தது. இரத்தப் புற்றுநோய்க்குரிய கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. சட்டப்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றமும் மறுத்தது. மாதம் ஒன்றே கால் லட்ச ரூபாய்க்கு அருகே விற்ற மருந்தை உள்நாட்டு நிறுவனங்கள் பத்தாயிரத்துக்குள் தந்துகொண்டிருந்தன என்பதை நினைத்தால், அவ்வழக்கில் எது பந்தயமாக இருந்தது என்பது விளங்கும்.

கைமாறிய ஆலைகள்

முதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் தொடக்கம் என்றும் பொருள், மூலதனம் என்றும் பொருள். தொடங்குகிறவனே முடிக்கிறவனாக இருப்பான் என்று எண்ணிக்கொள்ள அச்சொல் இடந்தருகிறது. நடப்பு அவ்வாறில்லை. ரான்பாக்சியை 2008இல் ஜப்பானின் டாயிச்சி சாங்க்யோ வாங்கியது. 2015இல் மும்பையின் சன் பார்மாவுடன் அது இணைந்தது. பாக்கார் ஆராங்கில் மாத்திரை பொதிந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, உடைமை இந்தியாவிலிருந்து ஜப்பானுக்கும் ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கும் போய்வந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

அங்கே ஆலை மூடப்படவில்லை என்பது நல்வாய்ப்பு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் வேறு விதமாக நடந்தது. 1992இல் தொடங்கிய ஆர்க்கிட் நிறுவனம், தன் ஊசிமருந்துத் தொழிலை அமெரிக்க ஹோஸ்பிரா நிறுவனத்துக்கு 2010இல் 40 கோடி டாலருக்கு விற்றது. ஹோஸ்பிராவை 2015இல் ஃபைசர் வாங்கியது. 2019 ஜனவரியில் ஃபைசர், இருங்காட்டுக்கோட்டை, அவுரங்காபாத் ஆகிய இரண்டு ஆலைகளையும் விட்டு விலகுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 1,700 பேர் வேலையிழக்கும் நிலை. ஓர் ஆலையைக் கட்ட வரும் முதலும், கட்டிய ஆலையை விலைக்கு வாங்க வரும் முதலும் ஒரே பெயரில் கணக்கெழுதப்படுகின்றன, இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆலைகள் பெரும்பாலும் மூலமருந்தைச் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தருவித்து, மாத்திரையாக்கிப் பொதிபவை. 2020 மார்ச்சில் கோவிட் நோய் பரவியபோது இந்தியா ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஏற்றுமதியை நிறுத்தியது. கொய்னாவுக்கு மாற்றாகப் பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கோவிட்டுக்கு அது பயன்படாது என்பது பின்னரே தெரியவந்தது. அப்போதோ உலகமே அதற்காகக் காத்து நின்றது. ஏப்ரல் நடுவில் இந்தியா இணங்கி, மலேசியாவுக்கு 89,100 மாத்திரைகளை விற்க இசைந்தது. மருந்தாலைகள் பல உள்ள நாடு, மாத்திரைகளை எண்ணிக் கேட்டு வாங்கியது. பீடோங்கை அடுத்து, 2001இல் தோன்றிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருந்தியலையும் கற்பிக்கிறது. அங்கே பயில்பவர்கள் பொதியும் வேலையோடு நில்லாமல் மூலமருந்து செய்யும் வேலைக்கும் போக இந்நாட்டில் ஆலை இருக்குமா என்பதே முதலீட்டாளரிடம் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வரிவிலக்கு எத்தனை ஆண்டு என்பது அதற்குப் பின் வரட்டும்.

84ஆம் பிரிவு இன்றும் சட்டத்தில் இருக்கிறது. பசிபிக் வட்டார நாடுகளின் வாணிக ஒப்பந்தம் 2016இல் கையெழுத்தானபோது, காப்புரிமைக் காலத்தை நீட்டுவதற்கும் மருந்துச் சோதனைத் தகவல்களைப் பூட்டி வைப்பதற்கும் அதில் விதிகள் இருந்தன. அமெரிக்கா 2017 ஜனவரியில் விலகியதும், எஞ்சிய 11 நாடுகள் அவ்விதிகளை நிறுத்திவைத்து 2018 மார்ச்சில் புதிதாகக் கையெழுத்திட்டன. மலேசியாவில் அவ்வொப்பந்தம் 2022 நவம்பர் 29இல் நடைமுறைக்கு வந்தது. அவ்விதிகள் நீக்கப்படவில்லை; நிறுத்திவைக்கப்பட்டுள்ளன.